ஐந்தரை அடி ரன்னிங் பேக்: கல்லூரியில் ராஜா, என்.எஃப்.எல்.லில் யார்?

ஏப்ரல் பிறந்தால் போதும், அமெரிக்கக் கால்பந்து ரசிகர்கள் மத்தியில் ஒரு சண்டை கிளம்பிவிடும். தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லின் அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாக, வரிசையாக எடுத்துக்கொள்ளும் மாதம் அது. கல்லூரி ஆட்டங்களில் வெளுத்து வாங்கிய ஒரு குட்டையான ரன்னிங் பேக்கின், அதாவது பந்தோடு ஓடும் ஆட்டக்காரரின், வீடியோ எங்கும் சுற்றும். நாலு பேர் பிடியிலிருந்து நழுவி, ஐந்தாவது ஆளை நின்ற இடத்திலேயே சுற்றவிட்டு, எழுபது யார்டு ஓடியிருப்பார். உடனே ஒரு கட்சி, "பையன் ரொம்பப் பொடிசு, என்.எஃப்.எல்.லில் ஒரே அடியில் சுருண்டுவிடுவான்" என்னும். எதிர்க்கட்சி, "பேரி சாண்டர்ஸ் மட்டும் என்ன ஆறடியா?" என்று கேட்கும்.

இரண்டு கட்சியும் பேசுவது உயரத்தைப் பற்றி. 32 என்.எஃப்.எல். அணிகளும் உட்கார்ந்து போடுகிற கணக்கு வேறு. ஒரு ஆட்டத்தில் எத்தனை முறை இவரை நம்பிக் களத்தில் நிறுத்தலாம் என்பதுதான் அது. ஆட்டமே புதிது என்கிறவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் அடியிலிருந்தே வருகிறேன்.

ரன்னிங் பேக் செய்யும் வேலை

கபடியில் பாடிப் போகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். எதிரணி மொத்தமும் அவர் ஒருவரைப் பிடிக்கத்தான் நிற்கிறது. அவர் குள்ளம் என்று யாரும் கவலைப்படுவதில்லை. கணுக்காலைக் கொடுக்காமல் கோட்டுக்குத் திரும்பினால் சரி. ரன்னிங் பேக்கும் அந்த வகைதான். பந்தைக் கையில் வாங்கி, பிடிக்க வரும் 11 பேருக்கு நடுவே புகுந்து முன்னேற வேண்டும். ஆனால் கபடியில் எடைக்கு உச்சவரம்பு உண்டு. நம் ஊர்ப் போட்டி நோட்டீஸிலேயே '60 கிலோ பிரிவு' என்று அச்சடித்திருப்பார்கள். அமெரிக்கக் கால்பந்தில் அந்தப் பேச்சே இல்லை. 80 கிலோ ஆள் மேல் 140 கிலோ ஆள் விழுந்தால் விசில் ஊத மாட்டார்கள், கைதட்டுவார்கள். கபடி இதுவரைதான் துணைக்கு வரும்.

இனி ஆட்டம். பந்து வைத்திருக்கும் அணி 10 யார்டு, அதாவது 9 மீட்டருக்குச் சற்று மேல், முன்னேற வேண்டும். அதற்கு நான்கு வாய்ப்பு. ஒவ்வொரு வாய்ப்புக்கும் பெயர் டவுன். பந்தை முதலில் வாங்கி, எறிவதா கொடுப்பதா என்று ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். அவருக்கு முன்னால் சுவர் மாதிரி நிற்கும் ஐந்து பேர் ஆஃபென்சிவ் லைன். பெரும்பாலும் ஆறடி நாலங்குலம், 140 கிலோ என்ற கணக்கில் இருப்பார்கள். எதிராளிகளைத் தள்ளி, ரன்னிங் பேக்குக்கு வழி திறப்பது அவர்கள் பாடு. அந்த வழி கண் இமைக்கும் நேரம்தான் திறந்திருக்கும். அதைத் தாண்டி வருகிறவரை மடக்கிப் போடக் காத்திருப்பவர் லைன்பேக்கர்: 105 முதல் 110 கிலோ, அந்த எடைக்கு நம்ப முடியாத வேகம்.

ரன்னிங் பேக்குக்கு உண்மையில் மூன்று வேலை. பந்தோடு ஓட வேண்டும். குவார்ட்டர்பேக் எறிவதைப் பிடிக்க வேண்டும். எறியும்போது அவர் மேல் பாய வருகிறவர்களைத் தடுக்க வேண்டும். ரசிகர்கள் சண்டை போடுவது முதல் வேலையை வைத்து. வீரரின் தலையெழுத்து பெரும்பாலும் மற்ற இரண்டில் இருக்கிறது.

உயரம் வேறு, எடை வேறு

பேரி சாண்டர்ஸ் 5 அடி 8 அங்குலம். ஓக்லஹோமா ஸ்டேட்டுக்காக 1988 சீசனில் 2,628 யார்டு ஓடி, சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை வாங்கினார். அடுத்த ஆண்டு டெட்ராய்ட் அணி ஒட்டுமொத்தத்தில் மூன்றாவது ஆளாக அவரை எடுத்தது. பத்து சீசனில் 15,269 யார்டு. ஆனால் அவருடைய எடை சுமார் 92 கிலோ, அதில் பாதி தொடையில் இருந்திருக்கும் என்று சொல்லத் தோன்றும்.

மொரீஸ் ஜோன்ஸ்-ட்ரூ இன்னும் குட்டை, 5 அடி 7 அங்குலம். 2006-இல் முதல் சுற்றில் யாரும் அவரைச் சீந்தவில்லை. இரண்டாம் சுற்றில் 60-ஆவதாக ஜாக்சன்வில் எடுத்தது. 32 அணியும் தன்னைத் தாண்டிப் போனதை மறக்காமல் 32 என்ற எண்ணையே முதுகில் போட்டுக்கொண்டார் மனிதர். 2011-இல் 1,606 யார்டு ஓடி லீக்கிலேயே முதலிடம். எடை 95 கிலோ! லீக்கில் வழக்கமான ரன்னிங் பேக் ஐந்தடி பத்து, பதினொன்று அங்குலமும் 95 முதல் 98 கிலோவும் இருப்பார். ஆக ஜோன்ஸ்-ட்ரூ குட்டையே தவிர, சின்ன ஆள் அல்ல. அதே எடையைக் குறைந்த உயரத்தில் அடைத்து வைத்தவர்.

குட்டையாக இருப்பதில் லாபமே உண்டு. மோதும் இருவரில் யாருடைய தோள் தாழ்ந்திருக்கிறதோ அவர்தான் மற்றவரைக் கிளப்பித் தள்ள முடியும். உயரமானவர் அதற்காக முழங்காலை மடக்கி, முதுகை வளைத்து இறங்க வேண்டும். குட்டையானவர் பிறந்ததிலிருந்தே அங்கேதான் இருக்கிறார். உடலின் எடை மையம் தாழ்ந்திருப்பதால் திசை மாற்றும்போது தடுமாறுவதும் குறைவு. அப்புறம், ஐந்து மலைகளுக்குப் பின்னால் ஒளிந்து வருகிறவரை லைன்பேக்கருக்கு அரை நொடி பார்க்கவே முடியாது. ஆள் எந்த இடைவெளியில் முளைப்பார் என்பது முளைத்த பிறகுதான் தெரியும்.

எடை குறைவதில் இப்படி லாபம் எதுவும் இல்லை. மோதலில் பேசுவது எடையும் வேகமும் பெருக்கி வரும் உந்தம். 80 கிலோ ஆள் 108 கிலோ லைன்பேக்கரை நேருக்கு நேர் சந்தித்தால், ஈடுகட்ட அவர் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் வர வேண்டும். நெரிசலான நடுக்களத்தில் அந்த வேகத்தை எட்ட இடம் ஏது?

சுருக்கமாக, ஒருவரைச் சின்ன ஆள் என்று சொல்லும் முன் எடையைப் பாருங்கள். 90 கிலோவைத் தாண்டிய குட்டை ரன்னிங் பேக்கைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். 85-க்குக் கீழே போனால்தான் உண்மையான கேள்விகள் ஆரம்பிக்கின்றன. இந்தக் கோடு நான் கிழித்தது. ஒவ்வொரு அணியும் தனக்கென்று ஒன்று வைத்திருக்கும்.

கல்லூரியில் ஓடியது இங்கே ஏன் ஓடாது

டானெல் பம்ஃப்ரி என்று ஒருவர். சான் டியாகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக 2016 வரை நான்கு ஆண்டில் 6,405 யார்டு ஓடினார். கல்லூரி ஆட்டத்தின் உச்சப் பிரிவில் அதுதான் அதிகாரப்பூர்வச் சாதனை. (விஸ்கான்சினின் ரான் டேன் ரசிகர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். டேன் காலத்தில் சீசன் இறுதிக் கிண்ண ஆட்டங்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் அவர் 7,000-ஐத் தாண்டுகிறார். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.) பம்ஃப்ரி 5 அடி 8 அங்குலம், 80 கிலோ. 2017-இல் ஃபிலடெல்பியா ஈகிள்ஸ் நான்காம் சுற்றில் எடுத்தது. முதல் ஆண்டு காயத்தில் போனது. அதன் பிறகும் இடம் கிடைக்கவில்லை. ஒரு வழக்கமான சீசன் ஆட்டத்தில்கூட இறங்காமல் அவருடைய என்.எஃப்.எல். வாழ்க்கை முடிந்தது.

சாதனையாளருக்கு இந்தக் கதி ஏன்? முதல் காரணம் எதிராளிகள். உச்சப் பிரிவில் மட்டும் 130-க்கு மேற்பட்ட கல்லூரி அணிகள். ஒவ்வொன்றிலும் நூறு பேர் வரை. ஆண்டுதோறும் என்.எஃப்.எல். தேர்ந்தெடுப்பதோ சுமார் 260 பேரைத்தான். கல்லூரியில் ஒரு ரன்னிங் பேக் தாண்டிப் போகிற தடுப்பாளர்களில் பெரும்பாலோர் அடுத்த ஆண்டு ஏதோ அலுவலகத்தில் வேலை பார்ப்பார்கள். இங்கே எதிரில் நிற்கும் 11 பேரும் வடிகட்டி எடுக்கப்பட்டவர்கள்.

இரண்டாவது காரணத்தை அதிகம் யாரும் சொல்வதில்லை. அது களத்தில் போட்டிருக்கும் கோடு. இரண்டு ஆட்டத்துக்கும் களத்தின் அகலம் ஒன்றுதான், 160 அடி. களத்தின் நடுவே நீளவாட்டில் இரண்டு வரிசையாகச் சிறுகோடுகள் இருக்கும். அவற்றின் பெயர் ஹாஷ். முந்தைய ஆட்டம் ஓரத்தில் முடிந்தால் பந்தை அந்தப் பக்கத்து ஹாஷுக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். கல்லூரிக் களத்தில் இரண்டு வரிசைக்கும் இடைவெளி 40 அடி, என்.எஃப்.எல்.லில் பதினெட்டரை அடி. ஆகவே கல்லூரியில் பந்து ஓரமாக இருக்கும்போது மறுபுறம் 100 அடி வெளி கிடக்கிறது. என்.எஃப்.எல்.லில் அதுவே 90 அடிக்குக் கீழே போய்விடும். பந்தை வாங்கி அந்த அகலமான பக்கமாக வளைந்து ஓடுவதுதான் வேகமான, எடை குறைந்த வீரரின் பிழைப்பு. அந்தப் பத்து, பதினோரு அடி போனால், ஓரக்கோட்டை ஒட்டித் திரும்பும் முன் ஒரு லைன்பேக்கர் வந்து சேர்ந்துவிடுவார்.

வீடியோவில் வராத வேலை

மூன்றாவது டவுன், இன்னும் 8 யார்டு வேண்டும். எல்லோருக்கும் தெரியும், குவார்ட்டர்பேக் எறியத்தான் போகிறார். ரன்னிங் பேக் அவர் பக்கத்தில் நிற்கிறார். எதிரே ஒரு லைன்பேக்கர் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கிறார். பாய்வாரா, பின்வாங்குவாரா என்று காட்டிக்கொடுக்க மாட்டார். வழக்கமான முன்வரிசையோடு இப்படிக் கூடுதல் ஆட்களும் குவார்ட்டர்பேக் மேல் பாய்வதைத்தான் பிளிட்ஸ் என்கிறார்கள். பந்து பின்னால் வந்ததும் லைனில் உள்ள ஐந்து பேருக்கும் ஆளுக்கொருவர் மாட்டிவிடுகிறார்கள். ஆறாவதாக வருகிறவர் ரன்னிங் பேக்கின் பொறுப்பு.

அவர் முதலில் அந்த ஆறாவது ஆளைச் சரியாகக் கண்டுபிடிக்க வேண்டும். இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது வலப்பக்கம் வந்துவிட்டால் கதை முடிந்தது. கண்டுபிடித்தாலும் நின்ற இடத்தில் காத்திருக்கக் கூடாது. ஓரடி முன்னால் போய் இடைவெளியிலேயே அவரை மோத வேண்டும். எதிரே ஓடி வேகமெடுத்து வரும் 108 கிலோ. தோளைத் தாழ்த்தி, கையை நெஞ்சுக்குக் கொடுத்து, இரண்டே நொடி தாங்கினால் போதும். தாங்காவிட்டால் அடி விழுவது குவார்ட்டர்பேக்கின் விலாவில். டல்லஸ் அணியின் டேக் பிரெஸ்காட் 2024-இல் போட்ட ஒப்பந்தம் ஆண்டுக்குச் சராசரி 6 கோடி டாலர். அந்த விலாவைக் காக்க யாரை நிறுத்துவது என்று ஒரு பயிற்சியாளர் எவ்வளவு யோசிப்பார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே சின்ன ஆளை நிறுத்தத் தயங்கினால் சிக்கல் இன்னொரு வழியில் வரும். அவரை ஓட்டத்துக்கு மட்டும் இறக்கினால், அவர் உள்ளே வந்ததும் "ஓடப் போகிறார்கள்" என்று எதிரணிக்குத் தெரிந்துவிடும். பந்து பிடிக்க மட்டும் இறக்கினால் அதுவும் தெரிந்துவிடும். சீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஆடுவது யாருக்கும் பிடிக்காது. மூன்று வேலையும் தெரிந்தவருக்கு மரியாதை இதனால்தான்.

கைரன் வில்லியம்ஸ் இதற்கு நல்ல சாட்சி. நோட்ர டாம் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். 5 அடி 9 அங்குலம், 88 கிலோ. வேகமும் பெரிதாக இல்லை. 40 யார்டுக்கு 4.65 நொடி எடுத்தார், ரன்னிங் பேக்குக்கு அது சுமார்தான். 2022-இல் ஐந்தாம் சுற்று வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் பிளிட்ஸை மோதித் தடுப்பதில் கல்லூரியிலேயே பெயர் வாங்கியவர். லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அவரைக் களத்திலிருந்து எடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. இரண்டாவது ஆண்டில் 12 ஆட்டத்தில் 1,144 யார்டு, 2025-இல் புது ஒப்பந்தம்.

அணிகள் எடையைப் பார்த்துப் பயப்படுவது ஓட்டத்தை நினைத்து என்பதைவிட, இந்த இரண்டு நொடியை நினைத்துத்தான். தடுக்கத் தெரிந்த சின்ன ஆளுக்கு அந்தப் பயம் பாதி குறைந்துவிடும்.

ஸ்ப்ரோல்ஸ் பிழைத்த விதம்

தடுப்பு வேலைக்கு உடம்பு இடம் கொடுக்காவிட்டால் வேறு வழியே இல்லையா? இருக்கிறது. டேரன் ஸ்ப்ரோல்ஸ் 5 அடி 6 அங்குலம், 86 கிலோ. கான்சஸ் ஸ்டேட்டில் படித்தவர். 2003-இல் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த ஓக்லஹோமாவை அவருடைய அணி 35-7 என்று கவிழ்த்தபோது அவர் மட்டும் 235 யார்டு ஓடினார். அப்படியும் 2005-இல் நான்காம் சுற்றில்தான் போனார். 2019 வரை ஆடினார். ரன்னிங் பேக்குகள் முப்பது வயதைத் தாண்டுவதே பெரும்பாடு என்கிற லீக்கில் இது அபூர்வம்.

2011-இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணிக்காக மொத்தம் 2,696 யார்டு எடுத்தார். ஒரே சீசனில் எல்லா வகையிலும் சேர்த்து யாரும் எடுக்காத அளவு. அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தால்தான் சூட்சுமம் தெரியும். ஓடி எடுத்தது 603. பந்தைப் பிடித்து எடுத்தது 710. ஆட்டத் தொடக்கத்திலும் புள்ளி எடுத்த பிறகும் உதைக்கும் பந்தை வாங்கித் திருப்பி ஓடியது 1,089. எதிரணி நாலாவது டவுனில் உதைத்துவிடும் பந்தை, அதாவது பன்ட்டை, வாங்கி ஓடியது 294. பெயர் என்னவோ ரன்னிங் பேக். ஓட்டம் கால்வாசிகூட இல்லை. மற்றதெல்லாம் அவர் முன்னால் வெளி இருக்கும்போது பந்து கைக்கு வந்த தருணங்கள். பயிற்சியாளர் ஷான் பேட்டன் அவரை நெரிசலுக்குள் தள்ளவில்லை; நெரிசல் இல்லாத இடத்தில் பந்து அவரைத் தேடி வரும்படி ஆட்டத்தை அமைத்தார்.

உதைத்த பந்தை வாங்கி ஓடுகிறவரை ரிட்டர்னர் என்பார்கள். இந்த வேலை ஏன் முக்கியம் என்றால், அணிப் பட்டியலில் 53 பேர்தான் இருக்கலாம். ஆட்ட நாளில் அதிகபட்சம் 48. ரன்னிங் பேக்குக்கு அதில் மூன்று, நான்கு இடம். முதல் ஆள் தவிர மற்றவர்கள் உதை ஆட்டங்களிலும் உழைத்துச் சோற்றுக்கு வழி தேட வேண்டும். பெரிய உடம்புக்காரர் ஓடிப்போய் எதிரணி ரிட்டர்னரை மடக்குவார். 82 கிலோ ஆளை அதற்கு யார் அனுப்புவார்கள்? அவர் தானே ரிட்டர்னராக இருந்தாக வேண்டும்.

நடுவில் அந்த வேலைக்கே ஆபத்து வந்தது. 2023 சீசனில் தொடக்க உதைகளில் கால்வாசிகூடத் திருப்பி ஓடப்படவில்லை. பெரும்பாலும் பந்து எல்லைக்கு வெளியே போய்விடும், அல்லது வாங்கியவர் அங்கேயே நிறுத்திக்கொள்வார். 2024-இல் விதியை மாற்றினார்கள், 2025-இல் இன்னும் இறுக்கினார்கள். இப்போது ஓடாமல் விட்டால் பந்தை வாங்கும் அணிக்கு 35 யார்டு கோட்டில் பந்து கிடைக்கிறது என்பதால், உதைப்பவர்களே ஓட வைக்கும்படி உதைக்கிறார்கள். சின்ன ஆட்களுக்கு நல்ல காலம்.

ட்ராஃப்டில் நடப்பது

கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாக எடுத்துக்கொள்ளும் நிகழ்ச்சிதான் ட்ராஃப்ட், ஏழு சுற்று. அதற்கு முன் இண்டியானாபோலிஸில் கம்பைன் என்றொரு சோதனை. அங்கே உயரம், எடை, கை நீளம், 40 யார்டு வேகம் எல்லாம் அளப்பார்கள். கல்லூரிகள் பெருந்தன்மையோடு கூட்டிப் போட்டிருந்த ஒரு அங்குலம், இரண்டு அங்குலம் அங்கே கரைந்துபோகும்.

எடையில் விழுந்த ஓட்டையை வேகம் அடைக்கலாம். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் டெவான் ஏச்சேன் 85 கிலோதான். 40 யார்டை 4.32 நொடியில் ஓடினார். 2023-இல் மூன்றாம் சுற்றில் மயாமி எடுத்தது. முதல் சீசனில் 103 முறை பந்தைச் சுமந்து 800 யார்டு. ஆனால் முழங்கால் வலியில் பல ஆட்டம் உட்காரவும் வேண்டியிருந்தது. சின்ன உடம்பு சீக்கிரம் உடையும் என்பதற்கு இதைச் சாட்சியாக இழுப்பார்கள். நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். 5 அடி 6 அங்குல டாரிக் கோஹன் 2018-இல் லீக்கின் சிறந்த பன்ட் ரிட்டர்னர்களில் ஒருவர். அவர் முழங்கால் கிழிந்தது 2020-இல், பன்ட்டைப் பிடிக்க நின்ற இடத்தில் இன்னொருவர் வந்து காலில் விழுந்ததால். 100 கிலோ ஆளுக்கும் அது கிழிந்திருக்கும்.

பெரும்பாலான எடை குறைந்த வீரர்கள் நான்காம் சுற்றிலிருந்து ஆறாம் சுற்றுக்குள் போகிறார்கள். 82 கிலோ வாரிக் டன்னை 1997-இல் டாம்பா பே 12-ஆவதாக எடுத்தது, அவர் 10,967 யார்டு ஓடியது எல்லாம் உண்மை. ஆனால் அப்படி இன்னொரு பெயர் சொல்லுங்கள் என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

பின்சுற்றில் போகிறவருக்கு எந்த அணி எடுக்கிறது என்பது திறமை அளவுக்கு முக்கியம். 2011 கோடையில் செயின்ட்ஸ் அணி ரெஜி புஷ்ஷை மயாமிக்குக் கொடுத்துவிட்டது; பந்து பிடிக்கும் ரன்னிங் பேக்குக்கான இடம் காலியாக இருந்தபோதுதான் ஸ்ப்ரோல்ஸ் அங்கே போய்ச் சேர்ந்தார்.

டூஸ் வானுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அவரும் கான்சஸ் ஸ்டேட். 5 அடி 5 அங்குலம், 81 கிலோ. கடைசி சீசனில் 1,558 யார்டு. 2023-இல் டல்லஸ் கவ்பாய்ஸ் ஆறாம் சுற்றில், 212-ஆவதாக எடுத்தது. அவருடைய அப்பா அதே அணியில் வீரர்களைத் தேடித் தரும் வேலையில் இருப்பவர். மகனுக்கு அந்தச் செய்தியைத் தொலைபேசியில் அப்பாவே சொன்ன காட்சியைப் பார்த்து நாடே கண்ணைத் துடைத்துக்கொண்டது. ஆனால் டல்லஸில் ரிட்டர்னர் வேலை ஏற்கெனவே கவான்டே டர்பின் கையில் இருந்தது. டர்பின் பந்து பிடிக்கும் ஆட்டக்காரர், எடை 70 கிலோகூட இல்லை. 2024-இல் லீக்கின் சிறந்த ரிட்டர்னர் என்று தேர்வானவர். அந்த அணியில் சின்ன ஆளுக்கு இருந்த ஒரே நாற்காலியில் இன்னும் சின்ன ஆள் உட்கார்ந்திருந்தார். முதல் சீசனில் வான் பந்தைச் சுமந்தது முப்பது முறைகூட இல்லை. 2025 சீசன் தொடங்கும் முன்பே டல்லஸ் அவரை விடுவித்தது.